இரண்டு விரலால் விரித்தால்

அதிகாலை மூன்று பத்து.
சேலம் பெரியாஸ்பத்திரி, எலும்பு முறிவு வார்டு.
கேட்டுக்கு எதிர்க்கடையில் வாங்கிய டீ
காகிதக் கப்பில் ஏடு கட்டியிருந்தது.
கழுத்தில் ஸ்டெத், கண்ணுக்குக் கீழே கருப்பு,
அதுவும் அழகாகத்தான் விழுந்தது படத்தில்.
"முப்பத்தோராவது மணி நேரம். இன்னும் நிற்கிறேன்."
போட்டேன்.

விடிவதற்குள் நானூறு இதயம்.
ஆத்தூர்ச் சித்தி மூன்று தடவை கைகூப்பியிருந்தாள்.
உடன் படித்த முகிலரசன்
எந்த ஃபில்டர் என்று கேட்டிருந்தான்.
முகம் தெரியாத யாரோ
கடவுள் என்று எழுதியிருந்தார்.
நரம்பு அகப்படாமல்
ஒரு கிழவரை நாலு இடத்தில் குத்திய கையால்
அதற்கும் ஓர் இதயம் கொடுத்தேன்.

பார்த்துத்தான் போட்டேன்.
நோயாளி முகம் இல்லை. கேஸ் ஷீட் இல்லை.
என் இடது தோளுக்குப் பின்னால்
ஒரு கட்டில் முனை,
போர்வைக்கு வெளியே ஒரு கால்,
அவ்வளவுதான்.

பதினான்காம் கட்டில்.
குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று
இரண்டு முறை சொன்னவள்
மூன்றாம் முறை, கட்டு மாற்றும்போது,
சுவரைப் பார்த்துக்கொண்டு வேறு மாதிரி சொன்னாள்.
ஏற்காட்டு எஸ்டேட்டில் வேலைக்கு நிற்பதாக
பிறந்த வீட்டில் சொல்லி வைத்திருக்கிறாளாம்.
"எங்கண்ணனுக்கு மட்டும் தெரியக் கூடாது டாக்டரம்மா.
அவன் பேசமாட்டான். போய் வெட்டிட்டு வந்து நிப்பான்.
அப்புறம் அவன் புள்ளைங்கள யாரு பாக்கறது?"
சொல்லமாட்டேன் என்றேன்.
சொல்லவும் இல்லை.

மறுநாள் சாயங்காலம் ஒருவர் வந்தார்,
செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையிலிருந்து நேராக,
நகக்கண்ணில் மெருகுப் பொடியோடு.
"இந்தக் கால் எந்த வார்டு?"
வாட்ச்மேனிடம் கேட்டார், நர்சிடம் கேட்டார்,
என்னிடம் வந்தபோது கைப்பேசியில் என் முகம்.
இரண்டு விரலால் விரித்தார், நான் விலகினேன்.
விரித்தார், கட்டில்.
விரித்தார், பாதம்.
இன்னொரு முறை:
விரலில் மெட்டி, மெட்டியில் மீன்,
மீன் வாலில் சின்னதாக ஒரு வெட்டு.
"அரம் நழுவிடுச்சு. மாத்தித் தர்றேன்னேன்.
இதுவே இருக்கட்டும்னுட்டா."

அப்பா தவணையில் வாங்கித் தந்த போன்.
கேமரா பிரமாதம் என்று கடைக்காரர் சொன்னது
பொய்யில்லை.

பார்வையாளர் நேரம் முடியும்வரை
கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார்.
பேசவில்லை, அவள் சொன்னபடியே.
அவள் என்னை ஒரே ஒரு முறை பார்த்தாள்.
கோபமாகப் பார்த்திருந்தால்
மன்னிப்புக் கேட்டிருப்பேன்.
காலை மெல்லப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

காலை ரவுண்ட்ஸில் பதினான்கில் வேறொருத்தி.
சொந்தப் பொறுப்பில் வெளியேறுகிறேன் என்ற தாளில்
கைநாட்டு.
ஜன்னல் விளிம்பில் அவள் எக்ஸ்ரே,
வெயிலில் தெளிவாகத் தெரிந்தது முறிவு.

படத்தை எடுத்துவிட்டேன்.
நீக்கவா என்று ஒரு முறைதான் கேட்டது.

அதன்பின் எத்தனையோ ராத்திரி
சேலம் செய்திப் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனேன்.
ஐந்து ரோட்டில் லாரி பிரேக் பிடிக்கவில்லை.
கொண்டை ஊசி வளைவில் பனிமூட்டம், பாட்டோடு.
கோடை விழாவில் ரோஜாப்பூ யானை.
தட்டுவடை செட் எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்று
அறுநூறு பேர் சண்டை.
கத்தி இல்லை.
எங்கேயும் கத்தி இல்லை என்று தெரிந்த பிறகும்
விரல் தள்ளிக்கொண்டே இருந்தது.

இதை எழுதுகையில்
கட்டில் எண்ணை மாற்றியிருக்கிறேன்.
வார்டும் அது இல்லை.
அண்ணன், அண்ணன் இல்லை.
மெட்டியில் இருந்தது மீன் இல்லை, வேறொன்று.

டீ நிஜம்.
படம் எடுத்தபின்
குடிக்க மறந்துவிட்டேன்.